திருகோணமலையில் இருந்தபடி சிறுவர் நூலுக்குப் படம் வரைவது: புதிதாக வருபவர்களுக்கு

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைய ஆசைப்படும் இளையவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த டேப்லெட் வாங்கலாம், எந்தச் செயலி நல்லது என்றுதான். அதற்கும் கீழே பதில் உண்டு. அதற்கு முன்பே மனதில் பதிய வேண்டியது, இந்தப் படங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் என்றால் படம்தான். அம்மா வாசிப்பதைக் காது கேட்டுக்கொண்டிருக்க, கண் படத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும். கதையில் மூன்று ஆட்டுக்குட்டி என்றால் விரல் வைத்து எண்ணும். சல்லிக் கடற்கரையில் வளரும் பிள்ளைக்கு வள்ளத்தில் எஞ்சின் எங்கே பூட்டுவார்கள், வலையை எப்படி அடுக்கி வைப்பார்கள் என்று தெரியும். படத்தில் அது பிழைத்துப் போனால், இது வேறு யாருக்கோ செய்த புத்தகம் என்று அந்தப் பிள்ளை ஒதுக்கி வைத்துவிடும். தமிழில் வரும் சிறுவர் நூல்களில் இன்றும் பனி பெய்கிறது, ஓட்டு வீட்டுப் புகைபோக்கியில் புகை போகிறது, பிள்ளைகள் எல்லோரும் இளஞ்சிவப்பாக இருக்கிறார்கள். இதை மாற்றக்கூடியவர் நீங்கள்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தில் நின்றுதான் எழுதப்படுகிறது.

கொப்பியும் பென்சிலும், சில மாதங்களுக்கு

கையில் அடங்கும் ஒரு வெள்ளைத்தாள் கொப்பி, இரண்டு பென்சில். அழிறப்பரை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கண் கூர்மையாகும்.

வரைந்து பழக இந்த ஊரைவிட நல்ல இடம் அமைவது கடினம். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் நிற்கும். நாலடி தூரத்தில் ஒரு காட்டு விலங்கை இருந்து வரைய உலகத்தில் எத்தனை ஓவியருக்கு வாய்க்கும்? பார்க்கும்போது கவனிக்க: புள்ளிமானுக்கு வளர்ந்த பிறகும் புள்ளி மறையாது. கொம்பு ஆணுக்கு மட்டுமே, ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று முனைகள். பின்னங்காலில் பின்பக்கமாக மடியும் இடம் முழங்கால் அல்ல, அது குதிகால். இதைத் தெரியாமல் வரைந்தால் மான் நாற்காலி மாதிரி நிற்கும்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரத்தில் கட்டியிருக்கும் நேர்த்தித் தொட்டில்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளியோடு குனிந்து நிற்கும் ஆட்கள், கரைவலை இழுக்கும்போது கயிற்றோடு பின்னால் சாயும் முதுகுகள், பஸ் நிலையத்தில் பையை மடியில் வைத்துத் தூங்கும் ஆச்சி. எல்லாம் கொப்பிக்குள் போகட்டும். அழகாக வர வேண்டியதில்லை. உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பது பிடிபட்டால் போதும்.

பிள்ளைகளை வரைவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். பெரியவரைச் சிறிதாக்கினால் பிள்ளை ஆகாது. வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழு, ஏழரைத் தலை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து தலைதான். கழுத்து மெல்லிது, வயிறு முன்னே தள்ளியிருக்கும், கண்கள் முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. முன்பள்ளி ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு மூலையில் இருந்து வரையுங்கள். படம் பிடிக்க வேண்டாம், பெற்றோர் விரும்ப மாட்டார்கள், கொப்பி என்றால் பிள்ளைகளே வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் இந்த மாவட்டத்தில் கட்டாயம். கிண்ணியாவிலும் மூதூரிலும் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகள் இதே புத்தகத்தைத்தான் வாசிப்பார்கள். நகரத்துச் சந்தையில் மூன்று சமூகத்தாரும் ஒரே கடையில் மரக்கறி வாங்குவார்கள். சந்தைக் காட்சி வரைந்தால் அந்தச் சந்தை வர வேண்டும். ஒரு சமூகத்தைக் காட்ட ஒரே அடையாளத்தை எல்லோர் தலையிலும் ஏற்றிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்து வரைந்தால் அந்தப் பிழை வராது.

ஒரே பிள்ளை, பக்கத்துக்குப் பக்கம்

நன்றாக வரையத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு தனிப்படம் பிரமாதமாக வரும். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் இருக்கும் மீனா பதினொன்றாம் பக்கத்தில் வேறு யாரோ போல ஆகிவிடுவாள். கதை தொடங்கும் முன் பாத்திரத்துக்கென்று ஒரு முழுத்தாள் ஒதுக்குங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, ஓடும்போது, அழும்போது, தூங்கும்போது. பின்னலில் எத்தனை சுற்று, சட்டையில் எத்தனை பொத்தான், எந்த முழங்காலில் காயத்தழும்பு என்று குறித்து வையுங்கள். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் முதல் பக்கம்.

தோல் நிறத்தையும் அந்தத் தாளிலேயே கலந்து ஒரு சதுரமாகப் பூசி வையுங்கள். நம் பிள்ளைகளின் நிறம் பழுப்பின் பல வகை. ஒரே குடும்பத்திலேயே மூன்று வகை இருக்கும். கறுப்பைக் கலந்து இருட்டாக்கினால் அச்சில் அது சேறாகிவிடும். நீலமும் சிவப்பும் கலந்து ஆழம் ஏற்றுங்கள்.

பக்கங்களைப் பிரிப்பது

உலகெங்கும் படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் வருவதற்குக் காரணம் அச்சுத்தாள். ஒரு பெரிய தாளை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கிடைக்கும், இரண்டு மடிப்பு 32. நம் நாட்டில் 16, 24 பக்க நூல்களும் நிறைய. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் எதுவானாலும் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரப் பக்கமும் போக, 32இல் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப்பக்கம், அதாவது புத்தகத்தை விரித்தால் ஒன்றாகத் தெரியும் இரு பக்கங்கள்.

ஏ4 தாள்களை மடித்து நடுவில் தைத்து ஒரு வெற்றுப் புத்தகம் செய்யுங்கள். கதையை வெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டி, பக்கத்தில் கிறுக்கலாகப் படம் போடுங்கள். இதை மாதிரிப் புத்தகம் என்போம். கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால்தான் பக்கம் புரளும் கணம் எங்கே வருகிறது என்று தெரியும். கதவைத் திறக்கும் கை வலப்பக்கத்தில், கதவுக்குப் பின்னால் இருப்பது அடுத்த பக்கத்தில். அந்த ஒரு கணத்தில்தான் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரே தாளில் எல்லாக் கட்டங்களையும் பார்த்தால் இது புலப்படாது.

வரிகள் சொல்வதையே படமும் சொன்னால் படம் வீண். “கண்ணன் கோபமாக இருந்தான்” என்று எழுத்து சொல்கிறதா? படத்தில் அவனுடைய செருப்பில் ஒன்று முற்றத்தின் அந்தப் பக்கம் கிடக்கட்டும். எழுத்தில் வராத ஒரு பூனைக்குட்டி ஒவ்வொரு பக்கத்திலும் எங்கோ ஒளிந்திருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை பெரியவருக்கு முன்னே அதைக் கண்டுபிடித்துக் காட்டும்போது வரும் பெருமிதத்துக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

சில தொழில் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கத்தின் நடுமடிப்பில் யாருடைய முகத்தையும் வைக்காதீர்கள், மடிப்பு விழுங்கிவிடும். எழுத்துக்கு இடம் விடுங்கள், தாராளமாக விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சிறுவர் நூலில் எழுத்தும் பெரிது, ஒடுங்கிய மூலையில் அடைத்தால் சொல் உடைந்து வாசிக்கும் பிள்ளை திணறும். இலங்கையில் ஒரே படங்களோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பதிப்புகள் வருவது வழக்கம் என்பதால் எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரையவே கூடாது. கடைப் பலகை எழுத்துக்கூடக் கணினிக் கோப்பில் தனி அடுக்கில் (layer) இருக்கட்டும்.

மாதிரிப் புத்தகம் முடிந்ததும் அதை நாலைந்து பிள்ளைகளிடம் கொடுத்து எதுவும் சொல்லாமல் பாருங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஓம் என்றுதான் சொல்லும். கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் விரல் நின்றது, எதைத் தள்ளிவிட்டுத் திருப்பியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாள், வர்ணம், காற்று

நீர்வர்ணத்தில் வேலை செய்வதானால் சதுர மீற்றருக்கு 300 கிராம் (300 gsm) தடிப்புள்ள தாள். அது விலை என்றால் பழகும் காலத்துக்குப் பிரிஸ்டல் போர்டில் மெல்லிய பூச்சோடு நிறப்பென்சில் நன்றாகவே நிற்கும். புத்தகத்துக்கு நாம் கொடுப்பது ஸ்கான் செய்த படம்தான் என்பதால், மாணவர் தரத்து வர்ணம் பிற்காலத்தில் மங்குமே என்று ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டாம். காசைத் தாளிலும் ஒரு நல்ல தூரிகையிலும் போடுங்கள்.

கடலோர ஊரில் தாளைக் காப்பது தனி வேலை. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழைக்காலத்தில் ஈரம் தாளுக்குள் இறங்கி மேற்பூச்சுப் பசையைக் கெடுத்துவிடும். அதன் பிறகு வர்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சப்படும், எந்தக் கைத்திறனாலும் திருத்த முடியாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டுத் தாளை வையுங்கள். வாங்கும்போதும் ஒரு வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சிக்கல் நேர்மாறு. வானத்துக்கு நீலம் பூசி மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து கோடு விழும். அந்த மாதங்களில் பெரிய பூச்சுகளை விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாளை முன்பே நனைத்துவிட்டுச் செய்யுங்கள். நுணுக்க வேலையைப் பகலுக்கு வையுங்கள்.

கணினியில் வரைவதானால், திரையில்லாத சாதாரணப் பேனைப் பலகையும் கிரீட்டா என்ற இலவச மென்பொருளும் தொழில் தொடங்கப் போதும். கிரீட்டாவில் அச்சுக்குரிய சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்குநிற முறையிலேயே வேலை செய்யலாம். புரொகிரியேட் நல்ல செயலிதான், ஆனால் ஐபாடில் மட்டுமே ஓடும். கடன்பட்டு ஐபாட் வாங்கி, அந்தக் கடனுக்காக மலிவான வேலைகளை ஏற்பதைவிட, இருப்பதை வைத்து ஒரு நல்ல மாதிரிப் புத்தகம் முடிப்பதே புத்தி.

கோப்பு தயாரித்தல்

கையால் வரைந்தவற்றைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். தட்டை ஸ்கானரில் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, மூலப்படத்தைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். இளமஞ்சளும் மெல்லிய பூச்சுகளும் ஸ்கானரில் காணாமல் போகும். அவற்றை மீட்டுக் கொண்டுவர வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பது உண்மை அளவில் 300 டிபிஐ. தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாதிருக்க, நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீற்றர் படத்தை நீட்டி வெட்டுமிகை விட வேண்டும். ஏ4 பக்கம் என்றால் 216க்கு 303 மில்லிமீற்றர், அதாவது 2551க்கு 3579 பிக்சல். சிறிதாக வரைந்துவிட்டுப் பிறகு பெருப்பித்தால் கோடு மங்கும். ஆகவே இந்த அளவைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர் எல்லோரும் அச்சில் ஏமாறும் நிறம் ஒன்று உண்டு. நிலாவெளிக் கடலின், புறாமலைத் தீவைச் சுற்றிய ஆழமில்லாத நீரின் அந்தப் பச்சைநீலம். திரையில் ஒளிவிடும். அச்சிட்டு வந்தால் செத்துக் கிடக்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, அந்த மையால் எட்ட முடியாத எல்லைக்கு அப்பால் அந்தப் பச்சைநீலம் நிற்கிறது. செய்யக்கூடியது: சயானோடு கொஞ்சம் மஞ்சள் மட்டும் சேர்த்து, மஜெந்தாவையும் கறுப்பையும் அந்த இடத்திலிருந்து முற்றாக எடுத்துவிடுங்கள். பக்கத்தில் மணலைச் சூடான காவிச்சாயலில் வையுங்கள். பக்கத்து நிறத்தின் உதவியால் கடல் மறுபடி எழும்பும். முடிந்தால் அச்சகத்தில் ஒரு பக்கம் மட்டும் முன்மாதிரியாக எடுத்துப் பாருங்கள்.

வேலை எங்கிருந்து வரும்

இரண்டு வாழ்க்கைகளைப் பாருங்கள். 1924இல் பிறந்த ஓவியர் சங்கர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமா சிறுவர் இதழில் சேர்ந்தார். வேதாளத்தைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனை நம் எல்லோர் கண்ணிலும் பதித்தவர் அவர்தான். ஒரே இதழ், மாதச் சம்பளம், ஏறத்தாழ அறுபது ஆண்டு உழைப்பு. 1927இல் பிறந்த சிபில் வெத்தசிங்க, இளம் வயதில் சிங்களப் பத்திரிகை ஒன்றில் படம் வரையத் தொடங்கி, பிறகு தானே எழுதித் தானே வரைந்த நூல்களால் நாட்டுக்கு வெளியிலும் அறியப்பட்டார். இருவரும் 2020இல் மறைந்தார்கள். இருவருக்கும் தொடக்கத்தில் கைகொடுத்தது பத்திரிகைச் சம்பளம். அந்தப் படிக்கட்டு இன்று நமக்கு இல்லை. ஆகவே பல சிறிய வருமானங்களைச் சேர்த்துக் கட்டித்தான் நிற்க வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அந்தச் சிறிய வருமானங்கள் எவை? முன்பள்ளிச் சுவர்களுக்கு வரைவது இங்கே எப்போதும் கிடைக்கும் வேலை. தொண்டு நிறுவனங்களின் சுகாதார, சிறுவர் பாதுகாப்புச் சுவரொட்டிகளும் கையேடுகளும் உண்டு. சித்திர வகுப்பு நடத்தலாம். நூல் வேலைக்கு: கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தமிழ்ப் பதிப்பகங்கள், சிறுவருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கதைநூல் வெளியிடும் ரூம் டு ரீட் போன்ற நிறுவனங்கள், சென்னையில் துலிகா, தாரா பதிப்பகங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கதைகளை இலவசமாகப் பார்த்துப் பாடம் படிக்கலாம். அதில் உங்கள் படத்தைப் பதிவேற்றினால், பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம் என்ற திறந்த உரிமத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். அறிந்து ஒப்புக்கொண்டால் தவறில்லை.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு அருகில் இருப்பது மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். யாழ் பல்கலைக்கழகத்திலும் சித்திரத் துறை உண்டு. பட்டம் இல்லை என்று எந்தப் பதிப்பாளரும் உங்கள் படத்தை மறுக்கப் போவதில்லை.

அனுப்பும் தொகுப்பில் பத்துப் பன்னிரண்டு படம் போதும். அதில் ஒரே பாத்திரம் மூன்று காட்சிகளிலாவது வர வேண்டும். பதிப்பாளர் முதலில் தேடுவது அதைத்தான். விலங்கு, கூட்டம், வீட்டுக்குள், மழை, இரவு ஒவ்வொன்றும் இருக்கட்டும். சாமிப்படமும் நடிகர் முகமும் எவ்வளவு திறமையாக இருந்தாலும் இந்தத் தொகுப்பில் வேண்டாம். ஒரே கோப்பாக, சிறிய அளவில், மூன்று வரிக் கடிதத்தோடு அனுப்புங்கள். செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு ஒருமுறை இரவுப் பஸ் ஏறிப் போய்வாருங்கள். பதிப்பாளர்கள் எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். கூட்டம் குறைந்த வாரநாட் காலையில் பேசினால் காது கொடுப்பார்கள்.

காசும் கையெழுத்தும்

வெட்கப்படாமல் கதையுங்கள். “தம்பி, சின்னப் படம்தானே, போட்டுத் தாங்கோவன்” என்று அன்பாகக் கேட்பவர்தான் பின்னால் அட்டை, உள்பக்கம், சுவரொட்டி என்று எல்லாம் கேட்பார். வேலை தொடங்கும் முன் தாளில் எழுத வேண்டியவை: எத்தனை படம், என்ன அளவு, எத்தனை தடவை திருத்தம் இலவசம், எப்போது பணம். பணத்தை மூன்றாகப் பிரிப்பது நியாயமான முறை. கையெழுத்தில் ஒரு பங்கு, பென்சில் வரைவு ஏற்கப்பட்டதும் ஒரு பங்கு, இறுதிப் படங்களோடு மிச்சம். விலையை எப்படிச் சொல்வது என்றால், ஒரு இரட்டைப்பக்கத்துக்கு வரைவு, திருத்தம், வர்ணம், ஸ்கான் எல்லாம் சேர்த்து எத்தனை நாள் போகிறது என்று நேர்மையாகக் கணக்கெடுத்து, உங்கள் வீட்டுக்கு ஒரு நாளுக்கு என்ன வேண்டுமோ அதனால் பெருக்குங்கள். வெளிநாட்டு வேலை என்றால் காசு எந்த வழியில் வரும், இடையில் யார் எவ்வளவு கழிப்பார் என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

சட்டத்தில் ஒரு விடயத்தை ஒவ்வொரு ஓவியரும் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் வரைந்த கணமே பதிப்புரிமை பிறக்கிறது. பதிவு தேவையில்லை. அது ஓவியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால் ஒருவர் கேட்டுச் செய்வித்த படத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், பொருளாதார உரிமை, அதாவது படத்தை அச்சிட்டு விற்கும் உரிமை, செய்வித்தவருக்கே போய்விடும். எழுதாமல் விட்டால் இழப்பு உங்களுக்குத்தான். எனவே ஒரு வரியாவது எழுதுங்கள்: இந்தப் படங்களை இந்த நூலின் இந்த மொழிப் பதிப்புக்கு, அச்சில் மட்டும் பயன்படுத்த அனுமதி, மற்ற உரிமைகளும் மூலப்படங்களும் ஓவியரிடமே. மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் தனித் தொகை. உங்கள் பெயர் நூலில் வரும் உரிமையும் சட்டத்தில் உண்டு. உள்பக்க மூலையில் அல்ல, அட்டையில் எழுத்தாளர் பெயரோடு வர வேண்டும் என்று கேளுங்கள். படக்கதை நூலில் பாதிக் கதை உங்களுடையது.

சொந்தமாக வெளியிட்டால்

பதிப்பாளர் கிடைக்காமல் போனாலும் வழி மூடவில்லை. பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய முயல் பீட்டரின் கதையை, ஆங்கிலச் சிறுவர் நூலாசிரியரும் ஓவியருமான பியாட்ரிக்ஸ் பொட்டர் 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 படி அச்சிட்டார். மறுத்தவர்களில் ஒரு பதிப்பகமே அடுத்த ஆண்டு அதை வண்ணத்தில் வெளியிட்டது. சின்னக் கைகளில் அடங்கும் அளவில் புத்தகம் இருக்க வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். நாமும் அளவை அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

சர்வதேசத் தர நூல் எண்ணை (ISBN) கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலகத்துக்கு விண்ணப்பித்துப் பெறலாம். அச்சகத்தில் விலை கேட்கும்போது தாளின் தடிப்பு, கம்பியா பசைக்கட்டா, அட்டைக்கு மினுக்கமா மங்கலா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். கம்பியின் முனை உள்ளே நன்றாக மடங்கியிருக்கிறதா என்று முதல் படியில் விரலால் தடவிப் பாருங்கள், பிள்ளையின் கையில் குத்தக்கூடாது. மொத்தமாக ஆயிரம் அடித்து வீட்டில் அடுக்கினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். விற்கக்கூடிய அளவுக்கே அடியுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் நூலகங்களும் பாடசாலைகளும் அப்போதுதான் புத்தகமும் கேட்கும், படம் வரைந்து காட்ட ஓவியரையும் கூப்பிடும். ஓகஸ்ட் முடிவதற்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயிருக்கட்டும்.